முதல் கேள்வி என்னுடையது

தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பிராவில் பிறந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இன்றைக்குப் பதுளை டவுனில் எனக்கு மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. அதன் அத்திவாரத்துக்குப் போன கல்லில் பாதியை என் தோளில்தான் இறக்கினேன். ஹாலிஎலயில் ஒரு களஞ்சியம். பண்டாரவளையில் ஒரு கிளை. நான்கு லொறிகள். இருநூறு பேருக்குச் சோறு பொங்கும் கிடாரங்கள், கூடாரங்கள், கதிரைகள், மேடைக்கான பலகைகள், ஜெனரேட்டர்கள், எல்லாம் வாடகைக்கு. இரவல் வாங்கிய இரண்டு கிடாரங்களோடு தொடங்கியவன் நான். லொறி ஏறாத தோட்டத்து டிவிஷன்களுக்குக் கிடாரத்தைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். மழை பெய்தால் அதுவே எனக்குக் குடை. தோட்டத்தானுக்கு டவுனில் கடை எதற்கு என்று கேட்டவர்கள் பலர். அவர்கள் வீட்டுக் கலியாணங்களுக்கும் என் கதிரைகள்தான் போயின. ஊவாப் பக்கத்துத் தோட்டங்களில் கலியாணம், சடங்கு, திருவிழா, சாவுக் கேதம் எதுவானாலும் என் கதிரையில் உட்காராத ஆளைக் காட்டுங்கள் பார்க்கலாம். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இவ்வளவும் செய்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

இத்தனையும் கட்டியவனுக்குத் தன் கடையின் இணையத்தளத்தில் ஒரு வரி இல்லை. பக்கத்தின் அடியில் 'வடிவமைப்பு' என்று போட்டு ஒரு கொழும்புக் கம்பெனியின் பெயர் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் உயிரோடு இருக்கிற விஷயம் எதுவோ அது என்னிடமிருந்து போனது. அது எப்படிப் போனது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கடையில் போன் அடித்தால் நான் கேட்கும் கேள்விகள் மூன்று. இன்று நேற்றல்ல, போன் வந்த நாளிலிருந்து அவைதான். முதல் கேள்வி: "நல்லதுக்கா, கெட்டதுக்கா?" நல்லது என்றால் நாளும் நேரமும் பேசலாம், சிவப்புத் துணியா மஞ்சள் துணியா என்று பேசலாம். கெட்டது என்றால் பேச்சே கிடையாது, வெள்ளைத் துணியோடு லொறி அப்போதே புறப்பட வேண்டும். இரண்டாவது: "லொறி எதுவரைக்கும் வரும்?" தோட்டங்களில் பாதை கோயிலோடு முடியும், சில இடங்களில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தோடு முடியும். அதற்கு மேல் எத்தனை ஆள் சுமக்க வேண்டும் என்பது அந்தப் பதிலில் இருக்கிறது. மூன்றாவது: "பேச வேண்டிய ஆள் யாரு?" இதை வெளியார் சட்டென்று விளங்கிக்கொள்ள மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் கேதத்துக்குச் சாமான் எடுக்கும்போது உயிரோடு இருக்கிற ஆளின் பெயரைக் கொடுப்பதில்லை. அந்த வீட்டில் அடுத்த கேதத்துக்கு அச்சாரம் போட்டதாகிவிடும் என்று பயம். செத்தவர் பெயரில்தான் கொப்பியில் எழுதச் சொல்வார்கள். ஆகவே கொப்பியில் இருக்கிற பெயர் வேறு, பேச வேண்டிய ஆள் வேறு. இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை.

என் மகன் கொழும்பில் படித்துவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தான். கெட்டிக்காரன்தான். ஆனால் வந்ததிலிருந்து அவனுக்கு அந்தப் போன்தான் எதிரி.

"அப்பா, நாள் பூரா நீங்க போன்ல கத்துறீங்க. கடைக்கு வர்ற ஆளுக்கு நீங்க சண்டை போடுற மாதிரி இருக்கு."

"காது கேக்காத கெழவி பேசுறப்ப மெதுவாவா பேச முடியும்?"

"அதுக்குத்தான் வெப்சைட் போடலாம்ங்கிறேன். போன்லயே பாத்து, தெரிவு பண்ணி, அனுப்பிடுவாங்க. கத்தவே வேணாம்."

இணையத்தளம் செய்ய வந்தவர் யாழ்ப்பாணத்தார். நாற்பதைத் தாண்டியவர், கொழும்புக் கம்பெனிக்காகப் பண்டாரவளையில் வீடெடுத்து இருந்து வேலை செய்தார். மரியாதையான மனிதர். என் கடைக்கு இரண்டு தடவை வந்தார், தேநீர் குடித்தார், கதிரைகளைப் படம் எடுத்தார். என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

"ஐயா, முதல் பக்கத்தில என்ன வரவேணும் எண்டு விரும்புறியள்?"

என் தப்பும் ஒன்று இதில் இருக்கிறது, மறைக்க மாட்டேன். "என் படம் வரணும். பெருசா வரணும். பின்னால நாலு லொறியும் தெரியணும்" என்றேன்.  அவர் எழுதிக்கொண்டார். அந்த மூன்று கேள்விகளைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூச்சு விடுவதைப் போய் யாராவது எடுத்துச் சொல்வார்களா?

இணையத்தளம் திறந்த அன்று மகன் கடைக்குள் பெரிய திரையில் போட்டுக் காட்டினான். நான் சிரித்துக்கொண்டு நின்றேன், எனக்குப் பின்னால் லொறிகள் நின்றன. கீழே ஒரு மணப்பெண் சிரித்தாள். கலர் கலராகக் கடுதாசித் துண்டுகள் திரையில் விழுந்தன. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்று மாலையே மகன் போனில் ஒரு குரலைப் பதிந்து வைத்தான்: உங்கள் கட்டளையை எங்கள் இணையத்தளத்தில் பதிவு செய்யுங்கள், நன்றி. அதற்குப் பிறகு போன் அடித்தால் அந்தப் பெண் குரல் பேசும். கடை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை மகன் வெற்றி என்றான். எனக்கு அது கேத வீட்டு அமைதி மாதிரிதான் இருந்தது.

மூன்றாவது வாரம் அது நடந்தது.

ஹாலிஎலக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே கொழுந்து எடுத்து ஓய்ந்த ஆத்தா ஒருவர் காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். பேரன் முறையில் ஒருவன், தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவன்தான் சாமானுக்குப் பொறுப்பெடுத்தான். கடைக்குப் போன் அடித்தான். பதிந்த குரல் பேசியது. இணையத்தளத்துக்குப் போனான். அது வீதியின் பெயரைக் கேட்டது. லயத்துக்கு ஏது வீதி? எதையாவது போடாமல் அது மேலே விடாது என்பதால் தோட்டத்தின் பெயரை அங்கே போட்டான். அடுத்தது 'விழா நாயகர் பெயர்' என்று கேட்டது. எங்கள் வழக்கப்படி ஆத்தாவின் பெயரைப் போட்டான். கேதம் என்று சொல்ல அந்தப் பக்கத்தில் ஓர் இடமும் இல்லை. இருந்தவை கலியாணம், பிறந்தநாள், 'ஏனைய கொண்டாட்டங்கள்'. மூன்றாவதைத் தொட்டான். உடனே திரையில் கடுதாசித் துண்டுகள் விழுந்தன. ஆத்தாவின் பெயரைச் சொல்லி, வாழ்த்துக்கள், இந்த இனிய நாள் என்றும் உங்கள் நினைவில் நிற்கட்டும் என்று எழுத்து வந்தது.

கடையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று, கட்டளைகளைச் சரிபார்ப்பது அதன் வேலை. அது கட்டளையோடு வந்த நம்பருக்கு அடித்து, ஆத்தாவின் பெயரைச் சொல்லி, "அவங்ககிட்டக் குடுங்க" என்றிருக்கிறது.

"அவங்க வீட்டு நடுவுல படுத்திருக்காங்க. எழுப்பட்டுமா?" என்றான் வாத்தியார்.

பிள்ளைக்கு விளங்கவில்லை. "தூங்குறாங்கன்னா வேணாம் சார். சாமான் ஏத்தியாச்சுன்னு மட்டும் சொல்லிருங்க" என்று வைத்துவிட்டது. வாத்தியார் அதற்குப் பிறகு அடித்த அடியெல்லாம் பதிந்த குரலுக்குத்தான் போயிற்று.

லொறி போனது. சிவப்புத் துணி, தங்கக் கரை, வாசலுக்குப் பிளாஸ்டிக் பூ வைத்த வளைவு, அதன் உச்சியில் 'நல்வரவு'. டிரைவர் கோயிலடியில் இறக்கிக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டிருக்கிறது. அது கலியாணத்து அடி இல்லை என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். டிரைவர் என் கைப்போனுக்கு அடித்தான்.

"மொதலாளி, நம்மள வெட்டிப் போட்டாலும் கேக்க நாதி இல்ல. சீக்கிரம் வாங்க."

வெள்ளைத் துணியைக் கடையின் வான் வண்டியில் போட்டுக்கொண்டு நானே போனேன். மகனைக் கூட்டிப் போகவில்லை. கோயிலடியிலிருந்து படியேறினேன். படிகளின் ஓரத்தில் 'நல்வரவு' சாய்ந்து கிடந்தது, யாரோ அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மூடி வைத்திருந்தார்கள், என் மானத்தை.

தோட்டத் தலைவர் எனக்கு முப்பது வருசப் பழக்கம். அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"வாங்க மொதலாளி. ஒங்க கம்ப்யூட்டருக்கு ஆத்தா போனதுல ரொம்ப சந்தோசமாம். வாழ்த்தெல்லாம் அனுப்பியிருக்கு."

"அண்ணே, தப்பு நடந்துபோச்சு."

"தப்பா? எங்கப்பன் கேதத்துக்கு நீங்க கெடாரத்த தலையில தூக்கிட்டு வந்தீங்க. அப்ப ஒங்ககிட்ட கம்ப்யூட்டர் இல்ல. தப்பும் வரல."

ஆத்தாவின் மகள், அவளே அறுபதைத் தொட்டவள், அழுத முகத்தோடு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "பகையாளி வீட்டுலேருந்து வந்த மாதிரி இருக்கே மொதலாளி, ஒங்க வீட்டு சாமானு" என்றாள். நான் வாழ்க்கையில் பட்டம் வாங்கியவன் இல்லை. அந்த வீடுகளில் எனக்கு இருந்த பேர்தான் என் பட்டம். அன்று அது போய்க்கொண்டிருந்தது, என் கண் முன்னாலேயே.

வெள்ளைத் துணியை நானே கட்டினேன். உடல் போகும்வரை இருந்தேன். பிறகு வாத்தியாரைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க எப்படி அனுப்பினீங்கன்னு எனக்கு அப்படியே காட்டுங்க" என்றேன்.

"இங்க பேசத்தான் முடியும், நெட்டு வராதுங்க. அதுக்குத் தண்ணித் தாங்கிக்கு ஏறணும்."

ஏறினோம். எங்களோடு தலைவரும், காலையில் கட்டளை அனுப்பும்போது கூட நின்ற நான்கைந்து பேரும் வந்தார்கள். தாங்கியின் மேற்குப் பக்கச் சுவரோடு ஒட்டி நின்றால் ஒரு கோடு சிக்னல் வரும், இரண்டடி தள்ளினால் அதுவும் போய்விடும். வாத்தியார் கடையின் பக்கத்தைத் திறந்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் படம் இறங்கத் தொடங்கியது. முதலில் திருநீறு வந்தது. பிறகு புருவம். அதோடு நின்றுவிட்டது.

"காலையிலயும் இப்படித்தாங்க. ஒங்க நெத்தியவே கால் மணி நேரம் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றான் வாத்தியார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். "மொதலாளி முழுசா எறங்குறதுக்குள்ள ஆத்தாவோட கருமாதியும் முடிஞ்சிரும் போல" என்றது இன்னொரு குரல். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் படத்தைப் போடச் சொன்னவன் நான்தானே.

படம் ஒருவழியாக இறங்கிய பிறகு இன்னொன்றையும் கண்டேன். கொழும்பில் ஒரு போனை ஓர் ஆள் பார்ப்பான். இங்கே அப்படி இல்லை. வாத்தியார் போனைப் பிடித்திருந்தான். பக்கத்தில் நின்றவன் எழுத்தைச் சத்தமாக வாசித்தான். எத்தனை கதிரை என்று முடிவெடுத்தது தலைவர். எந்த வழியாகச் சுமப்பது என்று சொன்னது பின்னால் நின்ற இன்னொருத்தர். இத்தனை பேர் சேர்ந்துதான் ஒரு கட்டளை. அந்தப் பக்கமோ ஒரே ஆளை நினைத்துக்கொண்டு, சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தது.

மறுநாள் யாழ்ப்பாணத்தாரைக் கடைக்கு வரச் சொன்னேன். மகனும் உட்கார்ந்தான். நடந்ததைச் சொன்னேன். யாழ்ப்பாணத்தாருக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் தொழில்காரர் இல்லையா, தன் பக்கத்தை விடவில்லை.

"ஐயா, நாங்கள் யூசரை வடிவாய் யோசிச்சுத்தான் செய்தனாங்கள். யூசருக்கு லேசா இருக்கவேணும், யூசருக்குச் சந்தோசமா இருக்கவேணும் எண்டுதான்..."

"யூசர் யூசர்ங்கிறீங்களே தம்பி, அந்த யூசர் எந்தத் தோட்டம்? எந்த டிவிஷன்? அவங்க லயத்துக்கு லொறி போகுமா போகாதா, அதையாச்சும் சொல்லுங்க."

"அப்பா, அவரு சொல்றது தொழில் வார்த்தை" என்றான் மகன்.

"நானும் தொழில்தான்டா பேசுறேன். நம்ம சாமான்ல பாதி கெட்டதுக்குத்தான் போகுது. அந்தப் பாதி ஆளுக்கு ஒன் பக்கத்துல நிக்க எடம் இல்ல. வாசல்லயே பொண்ணு மாப்பிள்ளையை நிறுத்தி வச்சிருக்க."

யாழ்ப்பாணத்தார்தான் மெல்லக் கேட்டார்: "அப்ப நீங்கள் போனில என்னத்தை ஐயா முதல்ல கேக்கிறனீங்கள்?"

இந்தக் கேள்வியை முதல் நாள் கேட்டிருந்தால் ஆத்தாவுக்கு அந்த அவமானம் இல்லை.

நான் வாயால் சொல்லவில்லை. பதிந்த குரலை நிறுத்தச் சொன்னேன். போனுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு அவரை உட்காரவைத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்தார். ஒவ்வொரு அழைப்புக்கும் நான் கேட்டதையும் அவர்கள் சொன்னதையும் எழுதினார். இரண்டாம் நாள் பின்னேரம் கொப்பியை மூடிவிட்டு, "ஐயா, நீங்கள் எல்லாரிட்டையும் ஒரே வரிசையிலதான் கேக்கிறியள். ஒருக்காலும் மாறேல்லை" என்றார்.

"மாறுனா லொறி தப்பான எடத்துக்குப் போயிரும் தம்பி" என்றேன்.

புதிய பக்கம் வந்தது. அவருடைய கை வேலை சுத்தம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். திறந்தால் வெறும் வெள்ளை. என் படம் இல்லை. நடுவில் இரண்டு பெரிய பொத்தான்கள்: நல்லதுக்கு, கெட்டதுக்கு. கெட்டதுக்கு என்பதைத் தொட்டால் வாழ்த்தும் இல்லை, கடுதாசித் துண்டும் இல்லை. 'லொறி புறப்படுகிறது' என்று ஒரு வரி மட்டும். வீதியின் பெயரை அது கேட்பதில்லை. லொறி எதுவரை வரும் என்று கேட்கிறது. கோயில், மடுவம், பள்ளிக்கூடம், லயத்தடி என்று தொட்டுக் காட்டலாம். யார் பேரில் எழுத வேண்டும் என்பது ஒரு கட்டம், பேச வேண்டிய ஆள் யார் என்பது இன்னொரு கட்டம். எழுத்து பெரிதாக இருக்கிறது, பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்த்து வாசிக்கிற அளவுக்கு. தண்ணீர்த் தாங்கிச் சுவரோரம் ஒரு கோடு சிக்னலில் அது திறக்கிறது. நானே ஏறிப் போய்த் திறந்து பார்த்தேன். தலைவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது மொதலாளி பேசுற மாதிரியே பேசுதே" என்றார். அந்தத் தோட்டத்துத் திருவிழாவுக்கு மறுபடியும் என் கிடாரங்கள் போயின.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

பதுளையில் வியாபாரிகள் கூடிய ஒரு விழாவில் எங்கள் இணையத்தளத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மண்டபத்தில் நான் முதல் வரிசை. நான் உட்கார்ந்திருந்த கதிரையும் என்னுடையதுதான், வாடகைக்குப் போனது. யாழ்ப்பாணத்தார் மேடையேறி, எங்கள் குழு வாடிக்கையாளர்களை ஆழமாக ஆய்வு செய்து இந்த மூன்று கேள்விகளை வடிவமைத்தது என்று பேசினார். பிறகு மகன் பேசினான். "எங்க டீம்" என்றான், "புதிய சிந்தனை" என்றான். கடைசியில், "இடமும் கட்டடமும் தந்த அப்பாவுக்கும் நன்றி" என்றான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள்.

கட்டடம் தந்தவனாம். நான் கட்டடம் தந்தவன் மட்டுமா?

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"எங்க டீம்னியே, அதுல நான் இருக்கனா இல்லையா?"

"ஐயோ அப்பா, கடையே ஒங்களோடதுதானே. இதுக்குப் போயி..."

"கடை என்னோடதுன்னு எனக்குத் தெரியும்டா. கேள்வி யாரோடதுன்னுதான் கேக்குறேன்."

அவன் காரின் ரேடியோவைப் போட்டான். மறுநாள் யாழ்ப்பாணத்தாருக்கு அடித்தேன். "ஐயா, குறை நினையாதேங்கோ. அடியில கம்பெனிப் பேர் மட்டும் போடுறதுதான் வழக்கம்" என்றார். வழக்கத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வந்துவிட்டார். லயத்து வழக்கம் தெரியாமல் செத்த ஆத்தாவுக்கு வாழ்த்து அனுப்பிய பக்கத்துக்கு, அதன் அடியில் யார் பேர் வர வேண்டும் என்கிற வழக்கம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

ஒன்றைச் சொல்கிறேன், படித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வியாபாரத்துக்கு இணையத்தளம் போடுகிறவர்கள் அதைக் கண்ணாடிக் கடை மாதிரி அலங்கரிக்கிறார்கள். உள்ளே வருகிற ஆள் எந்த நிலைமையில் வருகிறார், பெண் பார்த்துவிட்டு வருகிறாரா பிணத்தைக் கிடத்திவிட்டு வருகிறாரா என்று கேட்பதில்லை. அதைக் கேட்காத கடை எவ்வளவு மினுக்கினாலும் அதன் வாசல் பூட்டியிருக்கிறது என்றுதான் அர்த்தம். இது எனக்குப் படிப்பில் வரவில்லை, தலையில் கிடாரம் சுமந்து வந்தது.

ஆகவே மகனே, யாழ்ப்பாணத்துத் தம்பி, கொழும்புக் கம்பெனிக்காரர்களே, இதை வாசிக்கிறபோது விளங்கிக்கொள்ளுங்கள். நிறமும் பொத்தானும் உங்களுடையவை, அவற்றில் எனக்குப் பங்கு வேண்டாம். கேடயத்தையும் நீங்களே அலுமாரியில் வையுங்கள். ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில், கம்பெனியின் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவு எழுத்தில், 'மூன்று கேள்விகளும் அவற்றின் வரிசையும்: கடையை நிறுவியவர்' என்று எழுதி, என் பெயரை முழுசாகப் போடுங்கள். அது வரும்வரை நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன், என் குரலை நீங்கள் பதிந்து வைத்து நிறுத்த முடியாது. படம் வேண்டாம். அது இறங்க நேரமெடுக்கும். பெயர் போதும்.